நூற்றாண்டு முகப்பு: சுதை, சுண்ணாம்பு, செலவுக் கணக்கு

ஐப்பசி, கார்த்திகை மழை அடித்து ஓய்ந்துவிட்டது. நாங்கள் செப்பனிட்ட பழைய வீட்டின் முகப்புச் சுவரில் ஓர் ஈரத்திட்டு இல்லை. புதிதாக வைத்த சுதையில், அதாவது சுண்ணாம்புச் சாந்தில் வடித்த உருவங்களில், மயிரிழை விரிசல்கூட விழவில்லை. ஒரு மழைக்காலம் தாண்டாமல் எதையும் எழுதக்கூடாது என்றிருந்தேன், இப்போது எழுதலாம். செட்டிநாட்டில் இதே நிலையில் எத்தனையோ வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகளுக்குள் பேசி முடித்து, கையில் கொஞ்சம் பணமும் சேர்த்து, "எங்கே தொடங்குவது?" என்று நிற்கிறவர்கள் யாருக்காவது உதவட்டும் என்று அளவு, பதம், விலை எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

வீடு பள்ளத்தூருக்குப் பக்கத்தில். எங்கள் ஐயாவின் அப்பச்சி பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போய்ச் சம்பாதித்ததில் கட்டியது. முகப்பு உச்சியில் 1923 என்று சுதையிலேயே எழுதியிருக்கிறது. 1942இல் ஜப்பான் படை ரங்கூனுக்குள் வந்ததோடு அங்கிருந்து வரவு நின்றது. வீட்டுக்குப் பெரிய வேலை பார்ப்பதும் நின்றது. அதற்குப் பிறகு பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்ததுதான். தொண்ணூறுகளில் ஒரு கல்யாணத்துக்காகச் சிமெண்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். இப்போது ஒன்பது புள்ளிக்கு, அதாவது ஒன்பது குடும்பத்துக்கு, பங்கு. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் வீடு.

முகப்பு 42 அடி அகலம். கைப்பிடிச் சுவரின் நடுவில் கஜலட்சுமி, இருபுறமும் யானைகள், அவற்றுக்கு வெளியே துப்பாக்கியோடு ஒவ்வொரு வெள்ளைக்காரச் சிப்பாய். அடியில் கிளியும் கொடியுமாக ஒரு வரிசை, அதற்கும் கீழே கொடுங்கை என்கிற வளைந்து நீட்டிய விளிம்பு. தரைமட்டத்தில் நான்கு திண்ணைத் தூண்கள். திண்ணைச் சுவரில் அந்தக் காலத்து முட்டைப் பூச்சு. வேலை தொடங்கும்போது இடப்பக்க யானைக்குத் தும்பிக்கை இல்லை. வலப்பக்கச் சிப்பாய்க்கு முழங்கைக்குக் கீழே துருப்பிடித்த கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. கொடுங்கையில் ஒன்பதடி நீளம் உதிர்ந்து செங்கல் தெரிந்தது. கிளி வரிசையில் பாதிக்கு மேல் பெயிண்டில் மூழ்கி, எது அலகு எது இலை என்றே தெரியவில்லை.

பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் ஒருவர் 1,60,000 ரூபாய் சொன்னார்: உதிர்வதைத் தட்டிவிட்டுச் சிமெண்டில் பூசி, மேலே எனாமல் அடித்துத் தருவதாக. அதைத் தள்ளிவிட்டு, கோயில் மதில்களில் சுண்ணாம்பு வேலை பார்த்த ஒரு பெரிய கொத்தனாரைத் தேடிப் பிடித்தோம். அவர் சுதையைத் தொடக்கூட இல்லை. நேரே ஏணி போட்டு ஓட்டுக்கு மேலே ஏறிவிட்டார். இறங்கி வந்து சொன்னது இதுதான்: "மேல ஒழுகுறதை அடைக்காம கீழ கை வச்சா ரெண்டு மழைக்குத்தான், ஆச்சி, தாங்கும்."

அவர் சொன்னபடியே முதல் வேலை கூரையில். முகப்புக் கூரையும் பக்கத்துக் கூரையும் சேரும் கூடல்வாயில் தகரம் துருப்பிடித்துச் சல்லடையாக இருந்தது. அங்கே இறங்கிய தண்ணீர் முழுவதும் கைப்பிடிச் சுவரின் முதுகு வழியாகச் சுதைக்குள் போயிருக்கிறது. ஓட்டைப் பிரித்து, உளுத்த சட்டங்களை மாற்றி, புதுத் தகட்டை இருபக்கமும் ஓட்டுக்கு அடியில் ஒன்பது அங்குலம் ஏறும்படி போட்டோம். பழைய கை ஓடுகளில் உடையாதவற்றைக் கழுவித் திரும்பவும் அடுக்கினோம். குறைந்ததற்கு ஊரில் இடிந்த ஒரு வீட்டிலிருந்து வாங்கினோம். கைப்பிடிச் சுவரின் தலையில் இருந்த சிமெண்ட் தளம் நீளவாக்கில் பிளந்திருந்தது. அதை எடுத்துவிட்டு, செங்கல் தூள் கலந்த சுண்ணாம்புக் காரையில் பின்பக்கம் வாட்டம் வைத்து மூடினோம். மழை இனி முகத்தில் வழியாது, முதுகுப்பக்கம் தூம்புக்குப் போகும்.

சுவர்த் தலையில் ஓர் அரசங்கன்று நின்றது. அதை இழுத்துப் பிடுங்கக்கூடாது. வேர் செங்கல் இணைப்புக்குள் ஓடியிருக்கும், இழுத்தால் யானையின் காதும் கூடவே வரும். தண்டை அறுத்து, வெட்டு வாயில் உடனே களைக்கொல்லியைத் தூரிகையால் தடவி விட்டோம். வேர் காய்ந்து சுருங்கிய பிறகு துண்டு துண்டாக எடுத்து, அந்தச் சந்துகளில் நீர்த்த சுண்ணாம்புக் குழம்பை ஊசியால் ஏற்றினோம். மாட்டுக்கு மருந்து போடும் பெரிய ஊசிக் குழாய் இதற்குப் போதும்.

அடுத்தது சிமெண்டை எடுப்பது. மெதுவாகத்தான் நடக்கும். சுவரை வெட்டித் தேய்க்கும் கிரைண்டர் மெஷினை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. அரை அங்குல வாய் உள்ள உளி, 200 கிராம் சுத்தி, அவ்வளவுதான். சிமெண்ட் விளிம்பில் உளியைச் சாய்த்து வைத்துத் தட்டினால் பல இடங்களில் பாளமாகவே கழன்று வந்தது, ஏனென்றால் உள்ளே பழைய சுண்ணாம்பு ஈரத்தில் நைந்து பிடிப்பு விட்டிருந்தது. ஒரு பாளத்தைத் திருப்பிப் பார்த்தேன்: பின்பக்கம் முழுக்க வெள்ளை உப்பு ஊசி ஊசியாகப் பூத்திருந்தது. சுவர் ஈரத்தை வெளியே விட வழியில்லாமல் சிமெண்டுக்குப் பின்னால் தேங்கிய உப்பு அது. சிமெண்ட் இல்லாத இடங்களில், நூறு வருடம் ஆகியும், பழைய பூச்சு நகத்தால் கீறினால் கோடு விழாத அளவுக்குக் கெட்டி.

பெயிண்டை எடுக்க ஆசிட் ஊற்றலாம் என்று ஒருவர் சொன்னார். ஆசிட் சுண்ணாம்பையே தின்றுவிடும். சுதை வேலையில் அதற்கு இடமே கிடையாது. துணி ஆவி பிடிக்கும் கையடக்க ஸ்டீமரால் பெயிண்டை இளக்கி, மூங்கில் சீவலாலும் பல் மருத்துவர் கொக்கியாலும் சுரண்டினோம். யானையின் காதுக்குப் பின்னால் மழை படாத மடிப்பில் கட்டைவிரல் நகம் அகலத்துக்கு ஒவ்வோர் அடுக்காகத் திறந்து பார்த்தேன். மேலே கிரீம் நிற பிளாஸ்டிக் பெயிண்ட், அடியில் ஒரு பச்சை எனாமல், அதற்கடியில் வெள்ளை மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு, கடைசியில் சுதையோடு ஒட்டி ஒரு சாம்பல் நீலம். யானை நீலம்! சிப்பாயின் சட்டை காவிச் சிவப்பு, கிளி பச்சை, கொடி மஞ்சள். எங்கள் வீட்டில் உயிரோடு இருக்கிற யாரும் இந்த நிறங்களைப் பார்த்ததில்லை. ஒவ்வொன்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, அந்தந்த இடத்தின் பெயரெழுதி வைத்தோம். ஸ்டீமரைப் பற்றி ஒரு எச்சரிக்கை: ஒரே இடத்தில் பிடித்தால் அடியிலிருக்கும் நிறமும் கரையும். பிடித்து, எடுத்து, சுரண்டி, மறுபடி பிடிக்க வேண்டும்.

சுண்ணாம்பு வேலையை இதற்கெல்லாம் முன்பே தொடங்கியாக வேண்டும். கூரை வேலை நடக்கும்போதே பின்கட்டில் ஆறடிக்கு மூன்றடி தொட்டி கட்டி, சுட்ட கிளிஞ்சலைத் தண்ணீரில் போட்டுத் தாளித்தோம். தண்ணீர் கொதித்துப் பொங்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடக்கூடாது. ஆறியதும் கொசுவலையில் வடித்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்தோம். நாள் ஆக ஆக அது வெண்ணெயாகத் திரளும். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் ஒட்டி நிற்பதுதான் பதம். இன்னொரு பக்கம் 200 லிட்டர் டிரம்மில் இடித்த கடுக்காய் 6 கிலோ, கருப்பட்டி 4 கிலோ ஊறல். தினம் ஒருமுறை கட்டையால் கிளறிவிட்டு, நுரைத்துப் புளித்த வாடை வந்தபிறகு வடிகட்டி, தண்ணீருக்குப் பதிலாக அதை ஊற்றித்தான் சாந்து குழைத்தோம். கருப்பட்டி சாந்தை இளக்கிக் கொடுக்கிறது, கடுக்காய் இறுகக் கொடுக்கிறது என்பார் கொத்தனார். கருப்பட்டியை அளவுக்கு மேல் போட்டால் பூச்சு நெடுநாள் இறுகாமல் எறும்பும் வரும்.

பழைய காரையில் மணல் எவ்வளவு என்று தெரிய ஒரு சின்னச் சோதனை செய்தோம். உதிர்ந்த அடிப்பூச்சில் 100 கிராம் எடுத்துத் தூளாக்கி, வீட்டுக்கு வெளியே, நீர்த்த ஆசிடில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துவிடும். மிஞ்சியதைக் கழுவிக் காயவைத்துச் சமையலறைத் தராசில் நிறுத்தேன்: 78 கிராம் மணல். அதையே மேல்பூச்சில் செய்தபோது 60 கிராம்தான், அதுவும் மாவு மணல். குழைத்த சுண்ணாம்பு ஒன்றுக்கு அடிப்பூச்சில் மணல் இரண்டு, மேலே ஏறக்குறைய சரிபாதி என்று கொத்தனார் கணக்கு போட்டுக்கொண்டார். கிளிஞ்சல் துண்டுகள் மணலோடு கலந்திருந்தால் அவையும் ஆசிடில் கரைந்து கணக்கைக் கெடுக்கும். அதனால் லென்ஸ் வைத்துப் பார்த்துத் துண்டு இல்லாத காரையாகத் தேர்ந்தெடுத்தோம்.

பின்கட்டுச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி சதுரங்களாக மாதிரி போட்டோம். கடையில் சாக்கில் விற்கும் பொடிச் சுண்ணாம்பில் போட்டது காய்ந்ததும் தேய்த்தால் கையில் மாவாக வந்தது. காற்றில் கிடந்து பாதி செத்த சுண்ணாம்பு. எம் சாண்டில் போட்டது வலைப்பின்னலாக வெடித்தது, ஏனென்றால் அதில் கல் தூசி அதிகம். பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வைத்தால் மேலே படியும் தூசி அடுக்கே அதைச் சொல்லிவிடும். கழுவிச் சலித்த ஆற்று மணலில், ஒன்றுக்கு இரண்டு போட்ட சதுரம் மட்டும் நின்றது. ஆற்று மணல் விலை அதிகம், கிடைப்பதும் சிரமம். ஆனாலும் முகப்புக்கு மட்டும் அதையே வாங்கினோம். உள்கட்டுப் பூச்சுக்கு எம் சாண்டைக் கழுவிப் பயன்படுத்த முடியுமா என்று இனிதான் பார்க்க வேண்டும்.

சாரம் சவுக்குக் கம்பில், இரட்டை வரிசையாக, சுவரைத் தொடாமல் தனியே நிற்கும்படி கட்டினோம். சுவரில் ஓட்டை போட்டுக் கம்பு செருகினால் கூலி குறையும். இருக்கிற பூச்சும் குறையும்.

சுதைக்குக் கோபுர வேலை பார்க்கும் ஸ்தபதி ஒருவர் வந்தார். இன்று கும்பாபிஷேக வேலைகளில் பெரும்பாலும் சிமெண்ட்தான் ஓடுகிறது. சுண்ணாம்பில் கை பழகியவர் கிடைப்பது அரிது. இவருக்கு அவர் தகப்பனார் கற்றுக்கொடுத்திருந்தார். கை உடைந்த சிப்பாயைப் பார்த்ததும் காரணம் சொல்லிவிட்டார்: உள்ளே இரும்புக் கம்பி. தண்ணீர் பட்டுத் துருவேறினால் கம்பி பருக்கும், சுதை உள்ளிருந்து வெடிக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எல்லாப் பாகத்தையும், கை, தும்பிக்கை, துப்பாக்கி முனை என்று விரலால் தட்டிக் கேட்டோம். டொக்கு டொக்கென்று ஓசை வந்த இடமெல்லாம் உள்ளே இரும்பு பருத்திருந்தது. அவற்றைத் திறந்து, கம்பியை வெட்டியெடுத்து, 6 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை மூன்று அங்குல ஆழத்துக்குச் செங்கல்லுக்குள் இறக்கினோம். வழவழ கம்பியைச் சுண்ணாம்பு பிடிக்காது. அதனால் மரை போட்ட கம்பி வாங்கி, மேலே செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றினோம்.

அதன்மேல் சாந்து. அடி உருவத்துக்கு ஒன்றுக்கு இரண்டு, அதில் ஓர் அங்குலமாக நறுக்கிய சணல் நார் ஒரு பிடி. ஒரு நடைக்கு அரை அங்குலத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. பெருவிரலால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது, நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். அந்த நிலையில் மேற்பரப்பைக் குறுக்கும் மறுக்குமாகக் கீறிவிட்டு அடுத்த அடுக்கு. அவசரப்பட்டால் தும்பிக்கை தன் எடையிலேயே தொங்கிவிடும். ஈரச் சாக்கால் மூடி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தோம். கடைசி அடுக்குக்குச் சுண்ணாம்பும் மாவு மணலும் சரிபாதி. யானையின் கண்ணிமையை அவர் வேலிக்காத்தான் முள்ளால் கீறினார். பழைய யானையின் இமையிலும் அதே அகலக் கோடு இருந்தது. நூறு வருடத்துக்கு முன்னால் செய்தவரும் ஏதோ முள்ளைத்தான் எடுத்திருக்க வேண்டும்.

எதைத் திரும்பச் செய்யலாம், எதை விடலாம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். தும்பிக்கைக்கு வலப்பக்க யானை முழுதாக இருந்தது, அதைத் திருப்பிப் போட்டால் போதும். சிப்பாயின் கைக்கு ஒரு கல்யாணப் புகைப்படம் கிடைத்தது. மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக நிற்கிறார்கள், தலைக்கு மேலே சிப்பாயின் கை துப்பாக்கியின் நடுவைப் பிடித்திருப்பது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் இடக்கோடி மூலையில் ஒரு பீடம் மட்டும் இருக்கிறது. அதன்மேல் என்ன இருந்தது என்று எந்தப் படத்திலும் இல்லை. சிங்கம் வைக்கலாம் என்றார் சித்தப்பா, தேவதை வைக்கலாம் என்றார்கள் சிங்கப்பூரில் இருப்பவர்கள். பீடத்தைச் செப்பனிட்டு வெறுமையாக விட்டுவிட்டேன். நம் ஊகத்தை அங்கே ஏற்றி வைத்தால் ஐம்பது வருடம் கழித்துப் பார்க்கிறவர்கள் அதையும் 1923 என்றே நம்புவார்கள்.

கிளி வரிசைக்கு அச்சு. நன்றாக நின்ற ஒரு கிளியைச் சுத்தம் செய்து, சோப்புக் கரைசல் தடவி, சிலிக்கான் ரப்பரை மூன்று அடுக்காகப் பூசி, பின்னால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தாங்கு ஓடு எடுத்தோம். அதில் சுண்ணாம்புச் சாந்தை அடைத்துக் கிளிகளை வார்த்தோம். அச்சிலிருந்து வந்தவை ஒரே மாதிரி இருந்தன; பழைய வரிசையிலோ ஒவ்வொரு கிளியும் கொஞ்சம் வேறு, ஒன்று தலை தூக்கி, ஒன்று பழத்தைக் கொத்தி. ஸ்தபதி வார்த்த கிளியை ஈரத்திலேயே சீவி, ஒவ்வொன்றுக்கும் கழுத்தைத் திருப்பினார். அடுத்த முறை சிலிக்கான் வாங்க மாட்டேன். அந்தப் பணத்துக்கு அவரையே இன்னும் கொஞ்ச நாள் வைத்து நேராகச் சுவரிலேயே கையால் செய்யச் சொல்வேன்.

கொடுங்கைக்குத் தகட்டு அச்சு. உடையாத பகுதியில் வளைவுமானி இல்லாமல், மெல்லிய ஈயக் கம்பியை அழுத்தி வளைவை எடுத்து, அட்டையில் வரைந்து, துத்தநாகத் தகட்டில் வெட்டி அரத்தால் ராவி, பின்னால் பலகை அடித்தோம். மேலும் கீழும் நேர்சட்டம் கட்டி, ரசமட்டம் பார்த்து, அதன்மேல் அச்சை இழுக்க வேண்டும். ஒருவர் முன்னால் சாந்தை எறிந்துகொண்டே போக, மற்றவர் ஒரே மூச்சில், நிற்காமல், அச்சைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து இழுத்துவர வேண்டும். நடுவில் நின்றால் அங்கே ஒரு வரி விழும். முதல் இழுப்பில் வெறும் மேடுதான் தெரிந்தது. சாந்து ஏற ஏற மூக்கு, பள்ளம், உருட்டு எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. சாரத்தின் கீழே நின்றிருந்த சித்தாள் பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

திண்ணைச் சுவரின் முட்டைப் பூச்சைத்தான் இந்த வேலையின் உயிர் என்பேன். செங்கல்மேல் முதல் நடை 12 மில்லிமீட்டர், இரண்டாவது 6, மூன்றாவது 3, கடைசியாகத் தாள் கனத்துக்கு ஒரு வெண்சாந்து. முன்காலத்தில் இதை அம்மியில் அரைத்திருக்கிறார்கள். நாங்கள் மாவரைக்கும் பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டர் வாங்கினோம். நாள்பட்ட சுண்ணாம்பையும் வெள்ளைக்கல் மாவையும் விரலில் நெருநெருப்புத் தட்டாதவரை அரைத்து, பூசப்போகும் அன்று காலையில்தான் முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்தோம். ஐந்து கிலோ சாந்துக்கு இருபது முட்டை. மஞ்சள் கரு ஒரு சொட்டு விழுந்தாலும் அந்தத் தொகுதியைத் தள்ளிவிடச் சொன்னார் கொத்தனார். கொழுப்பு பட்டால் மெருகு ஏறாதாம்.

தொடங்கினால் அந்தப் பகுதி முடியும்வரை நிறுத்த முடியாது. அதனால் தூணிலிருந்து தூண் வரை ஒரு பகுதி என்று பிரித்துக்கொண்டு, வெயில் ஏறும் முன்பே கரண்டி பிடித்தோம். வெண்சாந்தைப் பூசி, மணியாஸ் கட்டை என்கிற மரப்பலகையால் சமப்படுத்தி, கரண்டியின் முதுகால் அழுத்தி அழுத்தி இழுக்க, சாந்தின் நிறமே மாறுகிறது. பால் வெள்ளை போய் உள்ளிருந்து ஓர் ஒளி வருகிறது. பிறகு உள்ளங்கைக்குள் அடங்கும் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். சிறு வட்டமாக, ஒரே அழுத்தத்தில். மத்தியானத்துக்குள் சுவர் வியர்க்கத் தொடங்கியது. முத்து முத்தாக நீர் அரும்பும். மல் துணியால் ஒற்றிவிட்டு, அதே துணியில் மாக்கல் பொடியை முடிந்து தட்டி, மறுபடியும் கல். மறுநாளும் அதற்கடுத்த நாளும்கூட வியர்த்தது, ஒவ்வொரு முறையும் ஒற்றித் தேய்த்தோம். வியர்வையைக் கவனிக்காமல் விட்ட ஒரு சாண் அகலம் இன்றும் மங்கலாகத் திட்டுத் தெரிகிறது. தேய்த்ததில் பெரும்பகுதி சித்தாளாக வந்த நான்கு பெண்கள். அவர்களில் ஒருவருக்கு அழுத்தம் அவ்வளவு சீராக வந்ததால் கொத்தனார் அவர் கையில் கரண்டியையே கொடுத்துவிட்டார். கூலியையும் கொத்தனார் கூலியாக உயர்த்திக் கொடுத்தோம்.

நிறத்துக்குச் சுண்ணாம்பு நீரில் கரைத்த மண் நிறங்கள்: காவி, மஞ்சள், பச்சை மண். நீலத்துக்கு அல்ட்ராமரீன். பிரஷ்யன் நீலம் சுண்ணாம்பின் காரத்தில் நிற்காமல் பழுப்பாகிவிடும். முதல் பூச்சு அடித்ததும் ஒன்றுமே தெரியாத அளவுக்கு நீர்க்க இருக்க வேண்டும். கெட்டியாக அடித்தால் பொருக்காக உரியும். ஈரச் சுவரில், மெல்லிசாக, ஐந்தாறு முறை. ஈரத்தில் கறுத்துத் தெரிந்து காய்ந்ததும் வெளுக்கும் என்பதால், நிறத்தை முந்தின நாளே ஓட்டுத் துண்டில் பூசிக் காயவைத்துப் பார்த்துத்தான் அடித்தோம்.

நிலைக்கதவில் சொல்ல அதிகமில்லை. பர்மா தேக்கு, உளுப்பு இல்லை. எனாமலைச் சுரண்டி எண்ணெய் தேய்த்ததே போதுமாக இருந்தது. திண்ணைச் சுவரின் இடுப்புயரத்துப் பூ ஓடுகளில் ஏழு குறைந்தன. கழன்றிருந்த ஒன்றின் முதுகில் ஜப்பானில் செய்தது என்று ஆங்கிலத்தில் பதித்திருந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேடி ஐந்து வாங்கினோம். இடிக்கப்பட்ட ஏதோ ஒரு வீட்டின் சுவரிலிருந்து வந்தவை அவை. வாங்கும்போது மனசு சங்கடப்பட்டது. மற்ற இரண்டு இடத்தில் வெண்சாந்து பூசி விட்டிருக்கிறோம்.

செலவு, பங்காளிகளுக்குக் கொடுத்த கணக்கிலிருந்து. கூரை, கூடல்வாய், ஓடு: 38,000. கிளிஞ்சல் சுண்ணாம்பு 25 மூட்டை, 700 வீதம் 17,500. ஆற்று மணல் 12,000. கடுக்காயும் கருப்பட்டியும் நாலு டிரம்முக்கு 8,400. முட்டை 1,700. எஃகு, செப்புக் கம்பி 6,200. சிலிக்கான் 9,000. நிறங்கள் 3,500. சாரம் 22,000. கூலி எல்லோருக்குமாக 3,10,000. மொத்தம் 4,28,300 ரூபாய். பூ ஓடுகளையும் கிரைண்டரையும் இதில் சேர்க்கவில்லை, அவை என் சொந்தக் கணக்கு. சிமெண்ட் ஒப்பந்தக்காரர் சொன்னதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல்தான். ஆனால் நான்கில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, கை வேலை தெரிந்தவர்களின் வீட்டுக்குப் போயிருக்கிறது. அந்தப் பணத்தை நான் செலவாகவே நினைக்கவில்லை.

மறுபடி செய்தால் சுண்ணாம்பை ஒரு வருடத்துக்கு முன்பே தாளித்துவிடுவேன். கடைசியாக எடுத்த, நாள்பட்டிருந்த சுண்ணாம்புக்கும் முதலில் எடுத்ததற்கும் மெருகில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. தையில் தொடங்கியதால் வெயில் ஏறும் சித்திரையில்தான் மேல்பூச்சு வந்தது. எவ்வளவு ஈரச் சாக்கு போட்டும் தென்மேற்கு மூலை வேகமாகக் காய்ந்தது. அடிப்பூச்சைத் தையிலும் மெருகை ஆடி முடிந்து வெயில் தணிந்த பிறகும் என்று இரண்டாகப் பிரிப்பதுதான் சரி.

தீராத ஒன்று இருக்கிறது. சிமெண்ட் இருந்த தூண் அடிகளில் இரண்டரை அடி உயரத்துக்கு இன்னும் உப்புப் பூக்கிறது. சுவருக்குள் இத்தனை வருடம் சேர்ந்தது உடனே வெளியே வந்துவிடாது. அங்கே மெருகு வைக்காமல், மணல் கூடுதலாகப் போட்ட மெத்தென்ற சுண்ணாம்புப் பூச்சை மட்டும் வைத்திருக்கிறோம். உப்பை அது உறிஞ்சி வாங்கிக்கொள்ளும். உதிரத் தொடங்கியதும் தட்டியெடுத்து வேறு பூச வேண்டும். நான்கு தூணில் இரண்டுக்கு வரும் தையிலேயே அந்த வேலை இருக்கிறது. அதற்கான சுண்ணாம்பு பின்கட்டுத் தொட்டியில் நாலு விரல் தண்ணீருக்கடியில் கிடக்கிறது, கடுக்காய்க்கும் சொல்லியாயிற்று.